முழங்காலில் நின்று பார்த்த படம்

மட்டக்களப்பில் ஒரு சின்ன அச்சகத்தில் நோபேட் இருபத்தாறு வருடமாகக் காலால் மெஷின் மிதித்தவர். வாவிக் காற்றில் கடதாசி ஈரம் குடித்துவிட்டதா என்பதை மூலையைச் சுண்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். செப்புத் தகட்டில் கீறி, அழுத்தி எடுத்த படத்தில் மை தடித்து நிற்கும், தகட்டு விளிம்பின் பள்ளமும் கடதாசியில் பதிந்திருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார். அதைச் சாகுமுன் ஒருதரம் கண்ணால் காணவேண்டும் என்பதே அவருடைய ஆசை.

1964இல் கோயில் பங்குச் சனம் பஸ் பிடித்துக் கொழும்பில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனது. திரும்பும்போது, அப்படியொரு படம் அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்ட நோபேட் கெஞ்சியதால் ஒரு நூதனசாலை வாசலில் பஸ் நின்றது.

"இஞ்சாருங்க, பத்தே நிமிஷம்," என்றாள் மனைவி மார்கிறட். "தெஹிவளை மிருகக்காட்சிசாலையில யானை ஆடுறதைப் பாக்காம விட்டா நம்மளோட வந்த இவளுகள் உங்கள உயிரோட விடமாட்டாளுகள்."

உள்ளே ஒரு மூலையில் அந்தப் படம் இருந்தது. கறுப்பு அங்கி, நீளத் தாடி, கையில் தடித்த புத்தகம். நேரே நின்றால் கண்ணாடி மினுங்கியது. ஜன்னல் வெளிச்சத்தைச் சரிவாகப் பிடிப்பதற்காக நோபேட் முழங்காலில் இறங்கித் தலையைச் சாய்த்தார். தாடியின் ஒவ்வொரு மயிரும் எழும்பி நின்றது.

"ஆண்டவரே!" என்றார்.

பக்கத்து வீட்டுப் பீற்றிஸின் காதில் அது விழுந்தது. முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டாள். "ஓடி வாங்ககா! இஞ்ச ஒரு அர்ச்சிஷ்டவர் இரிக்கார். நோபேட் அண்ணன் அழுறார்."

புனிதர் என்று நம்பி இருபது பேர் முழங்காலில் நின்றார்கள். செபமாலை தொடங்கியது.

நோபேட் அப்போதுதான் கீழே இருந்த சீட்டை வாசித்தார். ஒல்லாந்தரின் புரட்டஸ்தாந்துச் சபைப் போதகர். நம்முடைய கத்தோலிக்கக் குருமாரை நாட்டைவிட்டுத் துரத்தியவர்களின் ஆள்.

மனச்சாட்சி குத்தியது. சொன்னால் மறுநிமிடம் பஸ்ஸில் இருக்கவேண்டும். சொல்லாவிட்டால் செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் முடியும்வரை பார்க்கலாம். செபம் மாதாவுக்குத்தானே போகிறது என்று நினைத்துக்கொண்டார். வாய் 'அர்ச்சிஷ்ட மரியாயே' என்றது. கண் தகட்டுப் பள்ளத்தைச் சுற்றி வந்தது. பழந்துணி அரைத்துச் செய்த கடதாசி, முந்நூறு வருடமாகியும் வெள்ளை மாறவில்லை. நோபேட் போன மாதம் அடித்த நவநாள் புத்தகம் இப்போதே பழுத்துவிட்டது. காவல்காரனும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான்.

"அண்ணே, இவர் எந்த ஊர் அர்ச்சிஷ்டவர்?" என்று எழும்பியபடி பீற்றிஸ் கேட்டாள்.

பொய் நோபேட்டுக்கு வராது. "ஒல்லாந்து, பிள்ள."

"அங்கயும் ஆண்டவர் ஆள் வெச்சிருக்காரே! நம்மட கோயிலுக்கு நூறு படம் அடிச்சுத் தாங்களன்."

நோபேட் கடைசியாக ஒருதரம் படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"நம்மட மெஷினில இந்தத் தாடி விழாது, பிள்ள," என்றார்.

அதுவும் உண்மைதான்.