கேஸ்கட் போடலாமா?

தம்பி வீட்டு ஷெட்டில் மண்ணெண்ணெய் வாடை. அப்பாவின் பழைய காரைப் பிரித்துப் போட்டிருந்தான். தண்ணீர் இல்லாமல் காற்றிலேயே குளிரும் எஞ்சின் அது.

"அக்கா, சிலிண்டருக்கும் மேல இருக்குற ஹெட்டுக்கும் நடுவுல கேஸ்கட் தகடு போடலாமா, வேணாமா?"

சிறுவயதில் எங்கள் வீடே கேட்டுச் சலித்துப்போன கேள்வி. கொள்ளேகால் தாண்டி மலைப்பக்கம் கௌதள்ளியில் அம்மாவின் தங்கைக்கு, என் சித்திக்கு, கல்யாணம். இதே காரில் போய் இறங்க வேண்டுமென்று அம்மாவுக்கு ஆசை. அப்பாவும் அவர் தம்பியான சித்தப்பாவும் கூடத்தில் பேப்பர் விரித்து, சிலிண்டர்களை மண்ணெண்ணெயில் கழுவியபடி வாதாடினார்கள்.

"கேஸ்கட் சூட்டுல எரிஞ்சுடும்டா. கிரைண்டிங் பேஸ்ட் வெச்சு ரெண்டையும் வழவழன்னு தேய்ச்சு உக்கார வெச்சா போதும்," என்பார் அப்பா.

"மலையேறுறப்போ லீக் ஆகும்ணா," என்பார் சித்தப்பா.

போட்டார்கள், கழற்றினார்கள், மறுபடி போட்டார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மா பட்டுப்புடவையைப் பையில் வைத்தாள்.

"சாயங்காலம் ரெடியாயிடும், இரு," என்றார் அப்பா.

"நீங்க மெதுவா வாங்க."

என்னைக் கூட்டிக்கொண்டு கொள்ளேகால் பஸ் ஏறினாள். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டாள்.

முகூர்த்தம் முடிந்த பிறகுதான் அப்பா வந்தார், அவரும் பஸ்ஸில். அம்மா அவருக்கு இலை போடச் சொன்னாள்.

ஷெட்டில் தம்பி என் பதிலுக்குக் காத்திருந்தான்.

"உன் பொண்டாட்டிய இதுல எங்கயாவது கூட்டிட்டுப் போறதா சொல்லியிருக்கியா?"

"ஆமா, ஞாயித்துக்கெழம மேல்கோட்டைக்கு."

"டாக்ஸிக்கு சொல்லிடு," என்றேன்.