நான் பொய்யாக எழுதிய சத்திரம்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசு, முனி, மோகினி, எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. பத்து வயதில் வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான். மழைக்குச் சுடுகாட்டுக் கொட்டகையில் ஒதுங்கி, சாம்பலைக் காலால் தள்ளிவிட்டு அங்கேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன். பாழடைந்த மண்டபம், யாரோ தூக்குப் போட்டுக்கொண்ட மரம் என்று ஊர்க்காரர்கள் பயந்து காட்டுகிற இடமெல்லாம் எனக்கு வாடகை இல்லாத இடம், அவ்வளவுதான். பசியையும் போலீஸையும் தவிர வேறு எதற்கும் நான் பயந்ததில்லை. படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம், சிரியுங்கள், ஆனால் இது நடந்தது. இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்குப் பயம் வருவதில்லை. கோபம்தான் வருகிறது.

கன்னியாகுமரி நம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த மறு வருஷம், சித்திரை மாதம். கவரைப்பேட்டையில் ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். முதலாளி வரதராஜுலு அப்போதுதான் ஒரு பழைய பிளசர் கார் வாங்கியிருந்தார். வடக்கே ஆந்திர எல்லையை ஒட்டி எங்கள் ஊர், தெற்கே குமரி முனை, ராஜ்யத்தின் தலையிலிருந்து கால் வரைக்கும் காரிலேயே போய் வந்த முதல் ஆள் இந்தப் பக்கத்தில் தானாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. டிரைவர் காசிம் பாய் பழவேற்காட்டுக்காரர், கெட்டிக்காரர், ஆனால் செங்கல்பட்டுக்குத் தெற்கே ஓட்டியதில்லை. நான் போயிருக்கிறேன்.

"இன்னாடா ஏழுமல, கன்யாகுமரி வரிக்கும் உனுக்கு வழி தெரியுமாமே?" என்று முதலாளி ஒரு நாள் கேட்டார்.

"ரெண்டு தபா போய்ட்டு வந்துக்கிறேன் நைனா."

"எதுல?"

"கால்ல."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். காசிம் பாய் மட்டும் சிரிக்கவில்லை. "கால்ல போனவனுக்குத்தான் எங்க தண்ணி கீது, எங்க நெழலு கீதுன்னு தெரியும் நைனா. இவன முன்னாடி சீட்ல குந்த வச்சிக்கினு போலாம்."

"அப்ப வாடா," என்றார் முதலாளி. "நீ வழி சொல்லு, பாய் ஓட்டட்டும்."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் விழுந்தேன். நடந்த ரோட்டை ஒரே ஒரு தடவை உட்கார்ந்துகொண்டு பார்க்க வேண்டும், என் கால் கொப்பளித்த இடமெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பின்னால் ஓட வேண்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

பதினோரு நாள், வேலை முடிந்த பிறகு, நெல் காயப்போடுகிற களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூட நோட்டில் வழி முழுவதையும் எழுதினோம். நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன், எழுத்து கோணலாகத்தான் வரும், ஆனால் என் கையாலேயே எழுதினேன். பெட்ரோல் எங்கே கிடைக்கும், எந்த ஆற்றில் இறங்கித்தான் போக வேண்டும், எந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றலாம், எல்லாம். காசிம் பாய் கேள்வி கேட்டே உயிரை வாங்குவார். "ஆலமரத்தாண்டன்னு எழுதாத. ஆலமரம் ஆயிரம் கீது. மைல் கல்லு நம்பரு சொல்லு."

அந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு போட்டது முதலாளியின் மருமகள் சரோஜா. மூட்டைக்காரனுக்குத் தள்ளி நின்று போடுகிற வீடுகளில் தின்று பழகியவன் நான். அவள் குனிந்து போடுவாள், கேட்காமலே இரண்டாம் தடவையும் போடுவாள். அவளுடைய ஒரு வயதுப் பிள்ளை தவழ்ந்து வந்து நோட்டின் மேலேயே உட்கார்ந்து பென்சிலைப் பிடுங்கும். "மதுர மேல குந்திக்கினான் பாரு அண்ணா, இனிமே எப்படிப் போவீங்க," என்று சிரிப்பாள்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், மறுநாள் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று முதலாளியிடம் கேட்டேன்.

"நீ எதுக்கு? வழிதான் எழுதியாச்சே."

"முன்னாடி சீட்ல..."

"இந்த வெயில்ல உன் நாத்தத்த யாருடா தாங்கறது?" உள்ளே போய்ப் பழைய சட்டை ஒன்றை எடுத்து வந்து என் மேல் எறிந்தார். "இத்த போட்டுக்கோ. நோட்ட ஒரு தபா சரி பாத்து பாயாண்ட குடுத்துட்டுப் போ, பேஜாரு பண்ணாத."

அந்தச் சட்டை தோளிலிருந்து வழுக்கிக் களத்தில் விழுந்தது. நான் எடுக்கவில்லை. நோட்டை எடுத்தேன்.

கோவில்பட்டிக்குத் தெற்கே நான்காவது மைல் கல்லில் இடது கைப் பக்கம் ஒரு வண்டிப்பாதை பிரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் குறுக்கு வழி என்று நினைத்து அதில் இறங்கி நான் செத்துப் பிழைத்தேன். வெடித்த கரிசல், ஒரு மரம் கிடையாது, காக்கை கிடையாது. ஒன்றரை நாள் தண்ணீர் இல்லாமல் நாக்கு வீங்கி, முள் குத்திய காலை இழுத்துக்கொண்டு எப்படியோ திரும்பி ரோட்டில் வந்து விழுந்தவனை ஒரு மாட்டுவண்டிக்காரர் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்.

கோவில்பட்டி வழி எழுதியிருந்த பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்தேன். புதிதாக எழுதினேன். "நாலாவது மைல் கல்லில் இடது பக்கம் திரும்பவும். எட்டு மைலில் மூன்று புளியமரம், ஓட்டுச் சத்திரம், கிணறு. சத்திரத்துக்காரர் பெயர் சங்கரலிங்கம். எந்நேரமும் மோர் கிடைக்கும். கோவில்பட்டித் தண்ணீர் உப்பு, இன்ஜினுக்கு ஆகாது, அங்கே நிரப்ப வேண்டாம்."

சங்கரலிங்கம் என்று ஒரு ஆளை எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்துப் பேராக ஒன்று வேண்டும், அது வாயில் வந்தது. கார் கொதித்து நிற்கட்டும், இந்த ஆள் எட்டு மைல் நடக்கட்டும், வேர்வை நாற்றம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளட்டும். அதுதான் என் மனதில் இருந்தது. நோட்டைக் கொடுத்துவிட்டு ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் போய்ப் படுத்து நன்றாகவே தூங்கினேன்.

விடிந்ததும் ரயில்வே கேட்டில் கார் நின்றுகொண்டிருந்தது, கேட் மூடியிருந்தது. நான் பார்க்காத மாதிரி கடந்து போனேன். "அண்ணா," என்று கூப்பிட்டது சரோஜாவின் குரல். பின் சீட்டில் முதலாளியின் மனைவி, பக்கத்தில் சரோஜா, மடியில் பிள்ளை. முதலாளி முன்னால், என் இடத்தில்.

"புள்ளைக்குத் திருச்செந்தூர்ல முடி எறக்கணும்னு அத்தை நேத்துதான் சொன்னாங்க. அதான் நானும் கெளம்பிட்டேன். உங்க எடத்த நான்தான் புடுங்கிக்கினேன், கோச்சிக்காதீங்கண்ணா."

கேட் திறந்தது, கார் நகர்ந்தது. "நைனா, ஒரு பக்கம் தப்பு, நோட்டுல ஒரு பக்கம் தப்பு" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். "சீட்டுக்கு அலையறான், நீ ஓட்டு" என்று முதலாளி சொன்னதாகக் காசிம் பாய் பிறகு சொன்னார். முந்தின நாள் அந்த ஆள் நாற்றத்துக்குப் பதிலாக இந்த ஒரு காரணத்தைச் சொல்லியிருந்தால் நான் பேசாமல் நகர்ந்து நின்றிருப்பேன். ஒரு வாக்கியம். அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை, சட்டையை எறிய மனம் வந்தது.

தபால் ஆபீசுக்கு ஓடினேன். "தந்தி எந்த விலாசத்துக்கு?" என்றார் அங்கே இருந்தவர். "கார்ல போய்க்கினு கீறாங்க சார்" என்றேன். "ஓடற காருக்குத் தந்தி குடுக்க இன்னும் ஆள் வைக்கலப்பா" என்றார். மதுரையில் உறவுக்காரர் வீட்டில் தங்குவார்கள், ஆனால் அந்த விலாசம் தெரிந்த சரோஜாவின் புருஷன் நெல் வாங்க நெல்லூர் போயிருந்தார். மில்லில் வேறு யாருக்கும் தெரியவில்லை.

டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறினேன், விழுப்புரத்தில் பிடித்து இறக்கினார்கள், ரயில்வே போலீஸ் அறையில் உட்கார வைத்தார்கள். அடி கொஞ்சம்தான். நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மூன்றாம் நாள் உச்சி வேளை. நானே போட்ட திட்டப்படி அவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுகிற நேரம். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது கப்பி கத்துகிற சத்தம் கேட்டது. எண்ணெய் காணாத இரும்புக் கப்பி, கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி, கிறீச், கிறீச் என்று. இந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது, எங்கே என்று பிடிபடவில்லை.

"இங்க கெணறு கீதா சார்?" என்று ஏட்டையாவைக் கேட்டேன்.

"குழாய்தான்யா இருக்கு. பசி காத அடைக்குது உனக்கு," என்றார்.

மறுநாள் விட்டுவிட்டார்கள். தெற்கே போய்ப் பிரயோஜனம் இல்லை, போனால் பிணத்தைத்தான் பார்க்கலாம். கவரைப்பேட்டைக்கே திரும்பி வந்தேன். ஓடிப்போக நினைத்தேன், கால் போகவில்லை. எட்டு நாள் கழித்துக் கார் வந்தது. அடி வாங்கத் தயாராக மில் வாசலில் நின்றேன்.

முதலில் இறங்கிய காசிம் பாய் என் தோளைப் பிடித்தார். "ஏழுமல, அந்தச் சத்திரம் எழுதுன பாரு, அதுக்கே உனுக்கு பிரியாணி வாங்கிக் குடுக்கணும்டா."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். கேலி இல்லை. "எந்தச் சத்திரம் பாய்?"

"சங்கரலிங்கம் சத்திரம்டா. கோவில்பட்டி தாண்டி. மீட்டரப் பாரு, எட்டு போக, எட்டு வர, பதினாறு மைல் ஏறிக்கீது. எழுதி வச்சிக்கிறேன்."

முதலாளிகூட, "மோரு நல்லா இருந்துதுடா," என்றார். எனக்கு அவர் குடித்த அந்த மோரின் மேல்தான் முதல் கோபம் வந்தது. நம்பினால் நம்புங்கள்.

சரோஜா மொட்டைத் தலைப் பிள்ளையோடு இறங்கி வந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஏழாவது மைலில் இன்ஜின் கொதித்து நின்றுவிட்டதாம். கையில் இருந்த தண்ணீரெல்லாம் அதற்குள் தீர்ந்துவிட்டதாம், பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லையாம். "அப்பத்தான் கப்பி சத்தம் கேட்டுது அண்ணா. அந்தச் சத்தத்த வச்சிக்கினுதான் வண்டியத் தள்ளிக்கினு போனோம். மூணு புளியமரம், நீங்க எழுதனாப்பலயே. அவுரே தண்ணி எறச்சி ஊத்தனாரு. ஒரு காசு வாங்கல."

"எப்படி இருந்தாரு?"

"நல்லாத்தான் இருந்தாரு. வயசானவரு. கப்பி அந்தக் கத்து கத்துதே, எண்ணெ உடக்கூடாதான்னு கேட்டேன். சத்தம் இருந்தாத்தானம்மா போறவங்களுக்குக் கேக்கும்னாரு. அப்புறம் உங்கள தெரியும்னாரு."

"என்னையா?"

"ஏழுமலன்னு ஒருத்தரு வழி எழுதிக் குடுத்தாருன்னு சொன்னேன். ஆமா, ஒரு தபா இந்தப் பக்கம் வந்தாரு, செருப்பக் கையில புடிச்சிக்கினு ஒத்தக் கால நொண்டிக்கினு போனாரு, இத்தினி சத்தத்துக்கும் திரும்பிப் பாக்காம போய்ட்டாருன்னாரு. ஏண்ணா, அங்க தங்கனதே இல்லியா நீங்க?"

பிள்ளை என் கையிலிருந்த பீடிக் கட்டைப் பிடுங்கியது. உயிரோடு, கனமாக, வெதுவெதுப்பாக இருந்தது அதன் கை. பொய் எழுதினேன் என்று அவளிடம் இன்று வரை சொல்லவில்லை.

அன்றே கணக்குத் தீர்த்துக்கொண்டு கிளம்பினேன், நடந்துதான். கோவில்பட்டிக்குத் தெற்கே நாலாவது மைல் கல், இடது பக்கம், எட்டு மைல். தோளில் இரண்டு தண்ணீர்க் குடுவை. வெடித்த கரிசல். மரம் இல்லை, ஓடு இல்லை, ஒரு குழி கூட இல்லை. கார்ச் சக்கரத் தடம் மட்டும் அதுவரைக்கும் வந்து, அங்கே வளைந்து, திரும்பிப் போயிருந்தது. அந்தத் தடத்தின் நடுவில் நின்றுகொண்டு தொண்டை கிழியத் திட்டினேன். யோவ் சங்கரலிங்கம், காரில் வந்தவனுக்கு இறைத்தாயே, நாக்கு வீங்கி இழுத்துக்கொண்டு வந்தவனுக்கு எங்கே போயிருந்தது உன் கிணறு. வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். பொழுது சாய்கிற வரை திட்டினேன். பதில் இல்லை. கப்பிச் சத்தம்கூட இல்லை.

திரும்பி வருகிற வழியில்தான் அந்தச் சத்தத்தை எங்கே கேட்டேன் என்று ஞாபகம் வந்தது. அந்த முதல் தடவை, அதே இடத்தில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நொண்டிக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் கிறீச், கிறீச் என்று கேட்டது. இந்தப் பொட்டலில் ஏது கிணறு, தாகத்தில் காது ஏமாற்றுகிறது, நான் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டு, தலையைக்கூடத் திருப்பாமல் நடந்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. எழுதும்போது எனக்கே அது நினைவில் இல்லை.

அந்த நோட்டு இன்னும் காசிம் பாயிடம் இருக்கும். வேண்டுமானால் வாங்கிப் பாருங்கள். அந்தப் பக்கத்தில் மூன்று மரம் இருக்கிறது, கிணறு இருக்கிறது, மோர் இருக்கிறது. கப்பியைப் பற்றி நான் ஒரு எழுத்தும் எழுதவில்லை.