நான் கேட்டது கவனம், அவர்கள் எழுதியது தூக்கம்

ஒரு குறுக்கெழுத்துப் புதிரால் இந்த வாரம் என் வேலையே போயிருக்கும்!

(சிரிக்காதீர்கள். எனக்கே இன்றைக்குத்தான் சிரிப்பு வருகிறது.)

ஒரகடத்தில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். மணிமங்கலத்திலிருந்து கம்பெனி பஸ். போகும்போதும் வரும்போதும் குறுக்கெழுத்துதான் பொழுதுபோக்கு. முதலில் வாரப் பத்திரிகைகளில் வருவதை நிரப்பிக்கொண்டிருந்தேன். இப்போது நானே கட்டம் போட்டு பஸ் குரூப்பில் அனுப்புகிறேன்.

அது எப்படியோ எங்கள் சேஃப்டி ஆபீசர் சுந்தர் சார் காதுக்குப் போய்விட்டது.

“பாதுகாப்பு வாரத்துக்கு வருஷா வருஷம் ஸ்லோகன் போட்டியே வெச்சிக்கினு கீறோம். இந்த வாட்டி உன் குறுக்கெழுத்து வெப்போம்மா. சரியா எழுதுனவங்க பேரைக் குலுக்கிப் போட்டு ஒருத்தருக்கு ஹாட்பாக்ஸ்!”

ஒரு பெரிய ஆர்டர் வந்ததிலிருந்து எல்லோருக்கும் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். ஞாயிற்றுக்கிழமையும் கட்டாய ஓ.டி. முடியாது என்று சொல்லக்கூடத் தெம்பில்லாமல் சரி என்று தலையாட்டினேன்.

கட்டம் போடுகிறவர்களுக்குத் தெரியும், தமிழில் பெரிய தலைவலி புள்ளி எழுத்து. எந்தச் சொல்லும் புள்ளி எழுத்தில் தொடங்காது. அதனால் ‘கவனம்’ என்ற சொல்லை இடமிருந்து வலம் வைத்துவிட்டு, கடைசி ‘ம்’மில் மாட்ட ஒரு சொல் தேடித்தேடி, மேலிருந்து கீழாக ‘சம்மட்டி’யைப் போட்டேன். மற்ற மூன்று எழுத்துகளிலும் வேறு சொல் குறுக்கே வரவில்லை. வழக்கமாக அப்படி விடமாட்டேன். அன்று கண் எரிந்தது. விட்டுவிட்டேன்.

குறிப்பு இதுதான்: ‘விபத்து நடக்காமலிருக்க வேலை நேரத்தில் நமக்கு மிகவும் தேவை (4)’.

விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன்.

முதல் தாள்: தூக்கம்.

இரண்டாவது தாள்: தூக்கம்!

நானும் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். தூ, க், க, ம். நாலு எழுத்து. கடைசியில் ‘ம்’. சம்மட்டிக்கு ஒரு சேதாரமும் இல்லை!

லைனில் வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் தூக்கம். ‘கவனம்’ என்று எழுதியவர்கள் எல்லோரும் ஆபீஸ்காரர்கள். (ஏசி அறை!)

கேன்டீனில் பரிமளா அக்காவைப் பிடித்தேன். எங்கள் பஸ்ஸில் வருகிறவர், பிரஸ் மெஷின் ஆபரேட்டர்.

“அக்கா, யாராச்சும் பேசி வெச்சி எழுதுனீங்களா?”

“இதுல பேசி வெக்க இன்னா கீது? கேட்டிருந்த, எழுதுனோம். பின்ன வேற இன்னா பாப்பா வரும் அங்க?”

சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது.

மறுநாள் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசைமேல் விடைத்தாள்கள். பக்கத்தில் சுந்தர் சார், முகத்தில் ஈயாடவில்லை.

“இது போட்டியா, போராட்டமா?” என்றார் மேனேஜர். “யாரு சொல்லிக் குடுத்தது? கவனம்னு எழுதுனது மட்டும்தான் ரைட்டுனு போர்டுல போடு. தூக்கம்னு எழுதுன பேப்பரைத் தனியா பிரிச்சி எச்ஆர்ல குடு.”

“அப்டி குடுக்க முடியாது சார்.”

(சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்!)

“ஏன்?”

“குறுக்க வர்ற வார்த்தை ரெண்டுக்கும் ஒத்துப்போவுது சார். அப்போ ரெண்டுமே ரைட்டு. அது புதிர் போட்ட என் தப்பு. எழுதுனவங்க தப்பில்ல.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை.

“போன வாரம் பரிமளா அக்கா கை மெஷினுக்குள்ள போச்சே சார், சென்சார் நிறுத்துச்சே… கவனக்குறைவுனு ரிப்போர்ட் போட்டாங்க. நான் எதிர்லதான் நின்னேன். அவங்க நின்னுக்கினே தூங்கிட்டாங்க சார். அவ்ளோதான்.”

இத்தோடு ஐடி கார்டைக் கழற்றி வைக்கச் சொல்வார்கள் என்று நினைத்தேன். வீட்டில் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

சுந்தர் சார்தான் மெதுவாகப் பேசினார். “ரிப்போர்ட் எழுதுனது நான்தான் சார். இந்தப் பொண்ணு சொல்றதுதான் நடந்துச்சி. மறுபடி ஒரு தடவ சென்சார் காப்பாத்தும்னு என்னால எழுதித் தர முடியாது.”

மேனேஜர் தாள்களை அடுக்கினார். கலைத்தார். மறுபடி அடுக்கினார்.

“நீ போம்மா. லைன் வெயிட் பண்ணும்.”

அன்று முழுக்க யாராவது பின்னாலிருந்து தட்டிக் கூப்பிடுவார்கள் என்றே வேலை பார்த்தேன்.

சாயங்காலம் நோட்டீஸ் போர்டில் இரண்டு தாள் ஒட்டியிருந்தது. ஒன்று, இரண்டு விடைகளும் சரி. இன்னொன்று, இனி ஞாயிறு ஓ.டி. விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும்.

பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கைதட்டும் அளவுக்கு யாருக்கும் தெம்பும் இல்லை. படித்துவிட்டு எல்லோரும் பஸ் ஏறினோம்.

குலுக்கலில் ஹாட்பாக்ஸ் அக்கவுண்ட்ஸ் சாருக்கு விழுந்தது! (கவனம் கட்சி!) எனக்கு வயிறு எரிந்தது.

பரிமளா அக்கா ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு சொன்னார்: “வுடு பாப்பா. அவரு சோறு சூடாவே இருக்கட்டும். எனக்கு ஞாயித்துக்கெயமை கெடச்சிச்சி.”

இன்றுதான் அந்த ஞாயிறு.

காலையில் புதிதாக ஒரு கட்டம் போடலாம் என்று பாய் விரித்து உட்கார்ந்தேன். மூன்று சொல் வைத்ததுதான் நினைவிருக்கிறது. கண் விழித்தால் வெயில் சாய்ந்திருக்கிறது, கன்னமெல்லாம் ஸ்கெட்ச் மை!

பரிமளா அக்காவுக்கு போன் போட்டேன். அவர் வீட்டுக்காரர்தான் எடுத்தார்.

“தூங்கிக்கினு கீறா மா. எழுப்பட்டா?”

“வேணாம்ணே!” என்று கத்தியேவிட்டேன்.