பதினோராம் வகுப்புக்காக அம்மனோடு ஒரு சண்டை

1978 ஆடி மாதம். பெயரிலேயே கோமதி அம்மனை வைத்துக்கொண்டு, சங்கரன்கோவிலிலேயே பிறந்து வளர்ந்த நான், பத்து நாளாகக் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அம்மன் என்னை ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். அன்பர்களே, அந்தக் கோபத்தை மறைக்காமல் சொன்னால்தான் பிறகு நடந்த அதிசயம் உங்களுக்கு விளங்கும்.

என் அம்மாவுக்கு வலிப்பு உண்டு. அடுப்படியில் ஒரு நாள், தெருக்குழாயடியில் ஒரு நாள் என்று சொல்லாமல் கொள்ளாமல் வரும். டாக்டர் கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரையில் ஓரளவு அடங்கியிருந்தது. வயிற்றுக்குள் போகும் மாத்திரைக்கு மூளையில் இருக்கும் கோளாறு எப்படித் தெரிகிறது? பத்து வயதிலிருந்து இந்தக் கேள்வி என்னைக் குடைந்தது. மருந்தைப் பற்றியே படிக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நான் பத்தாம் வகுப்பு முடித்த வருஷம்தான் ப்ளஸ் டூ புதிதாக வந்தது. எந்த குரூப் எடுத்தால் எந்தப் படிப்புக்குப் போகலாம் என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. எங்கள் பெண்கள் பள்ளியில் காமர்ஸ் மட்டும் ஆரம்பித்தார்கள். அறிவியல் வேண்டுமென்றால் பையன்கள் பள்ளிக்குப் போக வேண்டும். தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்த அப்பாவுக்கு அதைக் கேட்டதுமே முகம் சுருங்கிவிட்டது.

"எதைப் படிச்சா என்னட்டி? காலேஜ்ல போய் மாத்திக்கிடலாம்" என்றார். நான் விடவில்லை. கடைசியில், "சரி, அம்மன்கிட்டயே கேட்டுருவோம். பூக்கட்டிப் பார்த்துருவோம்" என்றார்.

கல்யாணமோ, வீடு வாங்குவதோ, எங்கள் வீட்டில் எல்லாமே பூக்கட்டிப் பார்த்துத்தான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சன்னதியில் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் அறிவியல், சிவப்பு வந்தால் காமர்ஸ். அப்பாவே பொட்டலம் கட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். பிரித்தால் சிவப்பு அரளி. அம்மன் சொன்ன பிறகு அப்பீல் ஏது? அழுதுகொண்டே காமர்ஸில் சேர்ந்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். அம்மாவுக்கு மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி என் படிப்பை விசாரித்தார். சொன்னேன். அவர் மாத்திரை எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"காமர்ஸா? அப்ப மருந்துப் படிப்ப மறந்துரு தாயி. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி இருந்தாத்தான் பார்மசி காலேஜ்ல அப்ளிகேஷனே வாங்குவான். காலேஜ்ல போயி மாத்தவெல்லாம் முடியாது. இப்பவே மாத்துனாத்தான் உண்டு."

பள்ளியில் கேட்டேன். ஆடி முடிவதற்குள் மாறினால் உண்டு, அதற்குப் பிறகு கிடையாது என்றார்கள். அப்பாவிடம் சொன்னேன். "அம்மன் உத்தரவை மீறச் சொல்லுதியா?" என்று எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்துதான் நான் கோயிலுக்குப் போகவில்லை.

ஆடித்தபசு வந்தது. ஊரே ரத வீதியில் நிற்கிறது. குருவிகுளம் பக்கமிருந்து வந்த சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வத்தலையும் சப்பரத்தின் மேல் வீசுகிறார்கள். அம்மா கையைப் பிடித்து இழுத்ததால் நானும் போனேன். சிவனையும் பெருமாளையும் ஒரே உருவில் பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் தவம் நின்றவள் அல்லவா எங்கள் அம்மன்? அவளைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது என்று வாய்விட்டே கத்தினேன்.

"நீ மட்டும் ஒத்தக்கால்ல நின்னு கேட்டத வாங்கிக்கிடுவ, நான் கேட்டா கூடாதா? ஒனக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? எனக்கு வழி காட்டு தாயே! இல்லன்னா ஏன் கூடாதுன்னாவது சொல்லு!"

ஜெபமென்றும் ஸ்தோத்திரமென்றும் எனக்கு எதுவும் தெரியாது. அந்தச் சண்டைதான் என் பிரார்த்தனை. தபசுக் காட்சி முடிந்து கூட்டம் கலைந்தது. திரும்பிப் பார்த்தால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். கன்னமெல்லாம் கண்ணீர். எனக்குப் பயமாகிவிட்டது.

"அம்மனத் திட்டாத மக்கா. அவ கூடாதுன்னு சொல்லல. ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புத்தான் வச்சேன். நான்தான் வச்சேன்."

அம்மா அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மன் வாயையே கட்டிட்டியளே" என்றாள்.

அப்பா சொல்லி அழுதார். பையன்கள் பள்ளிக்குப் போவாள், அப்புறம் மதுரைக்குப் போவாள், வலிப்பு வரும்போது அம்மாவைத் தூக்கிப் பிடிக்க யார் இருப்பார்கள் என்ற பயம். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷம் வந்தது. அம்மன் என்னைக் கைவிடவில்லை! கேட்ட அரை மணி நேரத்தில் பதில் சொல்லிவிட்டாள்.

"திரும்பவும் பூப்போட்டுப் பார்ப்பமா?" என்று அம்மா கேட்டாள்.

"வேண்டாம். எனக்கு உத்தரவு கெடச்சிட்டு" என்றார் அப்பா.

மறுநாளே லீவு போட்டார். காலையில் என் பள்ளியில் டி.சி. வாங்கினார், மத்தியானம் பையன்கள் பள்ளி வாசலில் நின்றார். இவ்வளவு பாடம் போய்விட்டதே, இந்தப் பெண்ணால் முடியுமா என்று தலைமையாசிரியர் தயங்கினார். "அவ படிச்சிருவா சார். அதுக்கு நான் ஜவாப்தாரி" என்றார் அப்பா. என்னைத் தடுத்த அதே வாய்!

நாற்பது பையன்களுக்கு நடுவே இரண்டே பெண்கள். காலாண்டுத் தேர்வில் கெமிஸ்ட்ரியில் கோட்டை விட்டேன். பின்பெஞ்சில் கேலி தாங்கவில்லை. முழுப்பரீட்சையில் அதே கெமிஸ்ட்ரியில் பள்ளிக்கே முதல் மார்க் வாங்கினேன். ப்ளஸ் டூ முடிந்ததும் மதுரையில் பி.பார்ம். இடம் கிடைத்த கார்டை அப்பா எங்களுக்குக்கூடப் படித்துக் காட்டாமல் நேரே சன்னதிக்குத்தான் கொண்டு ஓடினார்.

இதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். மருந்தியல் வகுப்பில் ஒரு நாள், வலிப்பு மாத்திரையை ஒரு வேளை விட்டாலும் ரத்தத்தில் மருந்து குறைந்து வலிப்பு திரும்ப வரலாம் என்று நடத்தினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லீவுக்கு வந்ததும் அம்மாவிடம், "மாத்திரை தெனமும் போடுதியா?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கெழம மட்டும் போடமாட்டேன். அம்மனுக்கு வெரதம்லா? பச்சத்தண்ணி தவிர ஒண்ணும் வாயில வைக்கப்படாது" என்றாள்.

அவளுக்கு வலிப்பு பெரும்பாலும் வெள்ளி இரவிலும் சனிக்கிழமையிலும்தான் வரும். இத்தனை வருஷமாக எங்களில் யாருக்கும் அது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. அம்மாவைக் கோயிலுக்கே கூட்டிப்போய், சன்னதியில் வைத்து மாத்திரையைக் கையில் கொடுத்தேன். "அம்மன் கொடுத்த படிப்பு சொல்லுது, போடு" என்றேன். போட்டாள். டாக்டரும் அதையே சொன்னார்.

அதற்குப் பிறகு அம்மா இருபத்திரண்டு வருஷம் இருந்தாள். ஒரு முறைகூட வலிப்பு வரவில்லை. எனக்காகத்தான் கேட்டேன் என்று நினைத்திருந்தேன். அம்மன் கொடுத்ததோ என் தாய்க்கு.

அன்பர்களே, உங்களுக்கும் ஒரு குறை இருக்கும். பயந்து பயந்து கேட்காதீர்கள். பெற்றவளிடம் கேட்கிற மாதிரி உரிமையோடு கேளுங்கள். கோபம் வந்தால் சண்டையும் போடுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளே அப்படிக் கேட்டு வாங்கியவள்தான்.