கூரைக்கு ஆள் தேடும் ஆனந்தமேரி

இரும்புக்கடை முதலாளி வரவழைத்த காபியைப் பார்த்ததுமே ஆனந்தமேரிக்கு விஷயம் விளங்கிவிட்டது. மூன்று மிடறில் குடித்துவிட்டு, "வாரேண்ணே, இன்னொரு நாளைக்குப் பேசுவோம்" என்று எழுந்துகொண்டார். படியிறங்கும்போது, அவரைப் பற்றி எழுதக் கூடப் போயிருந்த எனக்கு விளக்கம் சொன்னார்: "போன ஒடனே காப்பி வந்துச்சுன்னா காசு வராது. அதோட மரியாதை முடிஞ்சுபோச்சுன்னு நெனப்பு. ஒரு சொம்புத் தண்ணிய வச்சுட்டு, செத்த நேரம் இருங்கன்னு உள்ள போறாரு பாருங்க, அவருதான் குடுக்குற ஆளு."

திண்டுக்கல்லில் ஒரு கலைக்கூடத்தின் நிதி திரட்டும் இயக்குநர் அவர். விசிட்டிங் கார்டில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. இயக்குவதற்குக் கீழே ஆட்கள் யாரும் இல்லை. ஒரு ஸ்கூட்டி, ஒரு ரசீதுப் புத்தகம், வெயிலுக்கு ஒரு குடை. கலைக்கூடத்தில் பறை சொல்லித்தருகிறார்கள், வருடத்துக்கு ஒரு நாடகம் போடுகிறார்கள். மைக் வாடகையிலிருந்து நடிகர்களின் புரோட்டா வரை எல்லாவற்றுக்கும் பணம் ஆனந்தமேரி வழியாகத்தான் வரவேண்டும். கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு எதையும் விடமாட்டார். துக்க வீட்டுக்கும் போவார். அங்கே மட்டும் கைப்பையை வண்டிக்குள் பூட்டிவிட்டுப் போவார். "பையப் பாத்தாலே பயந்துருவாக."

சென்ற ஆண்டு அரங்கின் தகரக் கூரையில் ஓட்டை விழுந்துவிட்டது. வடமதுரைக்காரர் மலைச்சாமி வெங்காய மண்டி வைத்திருப்பவர். தண்ணீர் வைத்த ஆள். முழுக் கூரையையும் தானே போட்டுத் தருவதாகச் சொன்னார். நிபந்தனை ஒன்றுதான். "இந்த வருச நாடகத்துல ராஜா வேசம் எனக்கு."

நாடகத்தை இயக்கிய தமிழ்மதி, "மேரிக்கா, அவரு ராஜான்னா நான் வீட்டுக்குப் போறேன்" என்றார்.

"ஒரு நா ஒத்திகைக்கு வரட்டும் மதி. பாத்துட்டுச் சொல்லு."

மலைச்சாமி வந்தார். மகனைப் பறிகொடுத்த ராஜா புலம்பும் காட்சி. ஏலம் விடுகிற குரலில் புலம்பினார். நடுவில் போன் வந்தது. எடுத்து, "லாரிய ஓரங்கட்டச் சொல்லு" என்று முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழுதார். கடைசியில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எப்பிடி?" என்றார்.

எல்லாரும் ஆனந்தமேரியைப் பார்த்தார்கள். பிரமாதம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், கூரை வந்துவிடும்.

"அண்ணே, ஒங்களுக்கு நடிப்பு வரல" என்றார் ஆனந்தமேரி.

மலைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தமிழ்மதிகூட, "இத நான்ல சொல்லியிருக்கணும், நீங்க ஏங்க்கா சொன்னீங்க?" என்று பதறினார். கலைக்கூடத்தின் செயலாளர் ரொனால்டு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஏன் சொன்னீர்கள் என்று நானும் கேட்டேன். வளைந்த குடைக்கம்பியை நிமிர்த்திக்கொண்டே சொன்னார்.

"சொல்லிட்டேனே தவிர, அன்னைக்குச் சோறு எறங்கல. ஆனா அவரு பொண்டாட்டி, பேரப்பிள்ளையெல்லாம் மொத வரிசையில ஒக்காந்திருக்கும். மகன் செத்துட்டான்னு இவரு அழுவாரு, ஊரே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கு நான் என்னான்னு ரசீது போட?"

கூரைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. ஆத்தூர், கீரனூர் வரை அலைந்ததில் நிறையக் காபிதான் கிடைத்தது. தார்ப்பாய் கட்டிச் சமாளித்தார்கள். நாடகத்தன்று ஐப்பசி மழை சொல்லிவைத்தாற்போல் பிடித்துக்கொண்டது.

மலைச்சாமிக்கும் அழைப்பிதழ் போயிருந்தது. வரமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். குடும்பத்தோடு காரில் வந்து இறங்கினார். ஆனந்தமேரி உள்ளே அழைத்துப்போய் முதல் வரிசையில் உட்காரவைத்தார். பேரப்பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். கூரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மேடையில் ராஜா புலம்பத் தொடங்கினான். மலைச்சாமியின் மனைவி மூக்கை உறிஞ்சினார். மலைச்சாமி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தார்ப்பாயிலிருந்து ஒரு சொட்டு அவர் தோளில் விழுந்தது. பிறகு இன்னொன்று. நிமிர்ந்து மேலே பார்த்தார். ஓரமாக நின்றிருந்த ஆனந்தமேரியைக் கையசைத்துக் கூப்பிட்டார். ஆனந்தமேரி வந்து குனிந்ததும், "ஏம்மா மேரி, கூரைக்கு எம்புட்டு ஆகும்னு சொன்ன?" என்று மண்டியில் கேட்பதுபோலவே கேட்டார். பின்வரிசைக்காரர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

ஆனந்தமேரி உதட்டில் விரலை வைத்து, மேடையைக் காட்டினார்.