பாய்லர் படுத்திய பாடு

“…ஆட்டுப்பட்டிக்குக்கூட ஒரு படல் கட்டியிருக்குமுங்க மாப்ள, குளிருக்கு அடக்கமா. இது என்னுங்க, இத்தன பெரிய ஊடு, உள்ள உக்காந்தா ஊட்டி பஸ் ஸ்டாண்டாட்டம் இருக்குது. பையன் டிக்கெட் பாத்துட்டான். நாளைக்கு மத்தியானம் புள்ளையையும் கொழந்தையையும் பிளானோவுக்குக் கூட்டிட்டுப் போறமுங்க. நீங்க ரிப்பேர் பண்ணிப்போட்டுச் சொல்லுங்க, வந்தர்றோம்.”

சொன்னவர் என் மாமனார். கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர். அந்தப் பக்கத்தில் திட்டுவதைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார்கள்; வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது மாதிரி வலி பிறகுதான் தெரியும். விசா இழுத்தடித்து, பேத்தி பிறந்து இரண்டு மாதம் கழித்து, போன வாரம்தான் மாமியாரோடு நாங்கள் இருக்கிற பிஸ்கட்டவேயில் வந்து இறங்கினார். அவர் வந்த மறுநாளே எங்கள் பாய்லர் படுத்துவிட்டது.

பாய்லர் என்றதும் டீக்கடை நினைவுக்கு வந்தால் மறந்துவிடுங்கள். எங்கள் பழங்காலத்து வீட்டின் பேஸ்மென்டில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பூதம்தான் குளிக்கத் தண்ணீர் காய்ச்சுகிறது. அதே பூதம்தான் அறை அறையாகக் குழாயில் வெந்நீர் அனுப்பி வீட்டையும் சூடாக வைக்கிறது. அது நின்றால் வெளியே இருக்கிற பனிக்கும் உள்ளே இருக்கிற நமக்கும் நடுவில் சுவர் மட்டும்தான். குழந்தையை ஒரே அறையில், சின்ன ஸ்பேஸ் ஹீட்டர் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “அது மூக்கைத் தொட்டுப் பாருங்க, ஐஸ் மாதிரி இருக்கு” என்றாள் மனைவி. டெக்ஸாஸ் பிளானோவில் இருக்கிற அவள் தம்பி வீட்டுக்குப் போவதில் அவளுக்கும் ஆட்சேபணை இருப்பதாகத் தெரியவில்லை. பிறந்த குழந்தையைக் காப்பாற்ற வக்கில்லாத வீடு என்று ஒருமுறை பேர் வாங்கிவிட்டால், கோபியில் அதை அழிக்க ரப்பர் கிடையாது.

எங்கள் தெருத் தமிழர்களின் வாட்ஸாப் குழுவில் கேட்டேன். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியும் என்பார்கள். குழுவில் நெய் ஆறாக ஓடியது. “உள்ள காத்து அடைச்சிருக்கும், குழாயை ப்ளீட் பண்ணுங்க” என்றார் ஒருவர். எந்தக் குழாயை என்றதற்கு, “யூடியூப்ல இருக்கு.” இன்னொருவர் தெர்மோஸ்டாட்டை மாற்றச் சொன்னார்; மாற்றினேன். மூன்றாமவர் வீட்டையே விற்கச் சொன்னார். அவர் ரியல் எஸ்டேட் லைசென்ஸ் வைத்திருக்கிறவர்.

கம்ப்யூட்டர் வேலைக்காரனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ரீஸ்டார்ட். பேஸ்மென்டில் இறங்கி ரீசெட் பட்டனை அமுக்குவேன், காதை வைத்துக் கேட்பேன், செத்தவன் கையில் நாடி பார்ப்பதுபோல. ஒரு டெக்னீஷியனும் வந்தார். விடியும்போதே வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, இன்ஸ்பெக்டர் வந்த பள்ளிக்கூடம் மாதிரி பாய்லர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது! தட்டினார், தடவினார், ஒன்றுமில்லை என்று சொல்லிப் போய்விட்டார். அவர் வண்டி தெருமுனை திரும்பியிருக்காது, குழாயெல்லாம் குளிர ஆரம்பித்துவிட்டது.

“காத்தால நல்லாத்தானுங்க இருக்குது. நீங்க எந்திரிக்கறப்பத்தான் கெட்டுப்போவுது” என்றார் மாமனார். நான் லேட்டாக எழுந்திருக்கிறவன் என்பதை இதைவிட மரியாதையாக யாரும் சொல்லிவிட முடியாது.

அந்தச் சொல் சுட்டது. அவர்கள் கிளம்பவேண்டிய அன்று இருட்டோடு எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பாய்லருக்கு எதிரே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தேன். செத்துக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் யாரும் தொடாமலே ‘ம்ம்ம்’ என்று உறுமிப் பற்றிக்கொண்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. குழாய் சூடேறியது. மேலே யாரோ குளிக்கிற சத்தம் கேட்டது, நின்றது. அப்புறம் ‘டக்’. பாய்லர் போய்விட்டது.

படியில் தாவி ஏறினேன். உச்சிப்படியில், தலையில் ஈரத்துண்டு, நெற்றி நிறைய விபூதி, சுவரிலிருந்த சிவப்பு சுவிட்சின்மேல் விரல். மாமனார்.

“என்னுங்க மாப்ள, இன்னிக்கு நேரத்துலயே எந்திரிச்சுட்டீங்க!”

“மாமா, இப்ப என்ன பண்ணுனீங்க?”

“கீசர ஆஃப் பண்ணுனனுங்க. நான் வந்த அன்னைக்குப் பாத்தா ராத்திரி பகலாப் போட்டே கெடக்குது. இந்த ஊட்டுல ஒருத்தருக்கும் பொறுப்பில்லீங்க. அதான் குளிக்க முன்ன போட்டு, குளிச்சதும் அணைச்சுப்போடறேன்.”

அது ஆபத்துக்காலத்தில் பாய்லரை நிறுத்த வைத்த சுவிட்ச். அதன்மேல் எழுதியிருந்ததை, வீட்டை எங்களுக்கு விற்றவர் சுவர் பெயிண்ட்டோடு சேர்த்துப் பூசி மறைத்துவிட்டார். சிவப்பு மட்டும் மிச்சம். குளியலறைக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு சுவிட்ச் இருந்தால் தமிழனுக்கு அது கீசர்தான். கீசரை அணைக்காமல் போகிறவன் நம் ஊரில் கொலைகாரனுக்கு ஒரு படி கீழே. ரயில் ஏறி ஈரோடு தாண்டின பிறகும் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, கீசரை அணைத்தோமா என்று பார்க்கச் சொல்கிற ஜாதி நாம்.

குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொள்வார்கள் என்று கேட்டிருக்கிறேன். இவர் குளித்துவிட்டு எங்கள் எல்லோர்மேலும் பூசியிருக்கிறார். ஆனால் மாமனாரைப் பார்த்து ‘தப்பு உங்களுடையது’ என்று சொல்ல மாப்பிள்ளைகளின் இலக்கணத்தில் வினைச்சொல்லே கிடையாது. முடிந்தவரை குரலைத் தாழ்த்தி, “மாமா, அது கீசர் இல்லீங்க. வீடு முழுக்கச் சூடாக்குற பாய்லரோட சுவிட்ச்” என்றேன்.

அவர் சுவிட்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதற்குள் குழந்தையைச் சுற்றி எடுத்துக்கொண்டு மனைவி வந்து நின்றுவிட்டாள்.

“அப்பா! அப்ப இத்தன நாளும் நீங்கதானா?”

மாமனார் சுவிட்சைப் போட்டார். கீழே பூதம் உறுமியது. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, டெக்ஸாஸில் இன்னும் தூங்கிக்கொண்டிருந்த மகனை எழுப்பினார்.

“டேய், அந்த டிக்கெட்டக் கேன்சல் பண்ணிப்போடு. ஆமா, ஓடுது. மிசினுக்காரன் வந்து பாத்தும் ஆகல. மாப்ள பாவம், அவரும் பாக்காத பார்வையில்ல. நாந்தான் காத்தால எந்திரிச்சு, எங்க கோளாறுன்னு கண்டுபுடிச்சுச் சரி பண்ணுனேன்” என்று சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டு, சாட்சி சொல்லச் சொல்லி போனை என் பக்கம் நீட்டினார்.