கடைசி பெஞ்சுக்கு வந்த வெளிச்சம்

எங்கள் பட்டாபிராம் கோயிலில் இப்போது பேட்டரி மெழுகுவத்தி கொடுக்கிறார்கள். பட்டனை அழுத்தினால் அவரவர் வெளிச்சம் அவரவருக்கு. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்படி இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் விளக்கையெல்லாம் அணைத்துவிடுவார்கள். போதகர் பலிபீடத்தருகே ஒன்றை ஏற்றி முன்வரிசைக்குக் கொடுப்பார். அது கைக்குக் கை, வரிசைக்கு வரிசை பின்னால் வரும். ஒருத்தர் கை இருட்டாக இருந்தாலும் ஆர்மோனியம் பாட்டைத் தொடங்காது.

அந்த வருஷம் எனக்கு ஏழு வயசு. அம்மா முறுக்கு சுட்டுவிட்டுக் கிளம்ப நேரமாகி, பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சுதான் கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கு மறுபக்கம் சித்தி வந்து உட்கார்ந்தாள். அம்மாவின் ஒரே தங்கை. வீட்டில் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு திருநின்றவூருக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அம்மா, "எனுக்குத் தங்கச்சியே கெடையாது" என்று சொல்லிவந்தாள்.

அந்த இல்லாத தங்கச்சி குனிந்து, "இன்னாடி, பல்லு உழுந்துடுச்சா?" என்றாள். எனக்கு யாரிடம் பேசவும் வெட்கம். வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

விளக்குகள் அணைந்தன. எல்லோரும் எழுந்து நின்றோம். தூரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம். பிறகு இரண்டு, நாலு. இருட்டுக்குள்ளிருந்து முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. குழாயடியில் சண்டை போடுகிற முகங்கள்தான். அன்றைக்கு அப்போதுதான் தூங்கி எழுந்த குழந்தைகள் மாதிரி இருந்தன. வெளியே சரக்கு வண்டி மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தது. கோயிலே எங்களை ஏற்றிக்கொண்டு எங்கோ நகர்கிறது என்று நினைத்தேன்.

வெளிச்சம் அம்மாவுக்கு வந்தது. அம்மாவிடமிருந்து எனக்கு. எரிகிறதை நேராகப் பிடிக்கணும், எரியாததைத்தான் சாய்த்து ஏற்றிக்கொள்ளணும் என்று அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். ஆனால் சித்தி சாய்க்கவில்லை. ஏற்றாத மெழுகுவத்தியோடு அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா முன்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோயிலே காத்திருந்தது. முன்வரிசைக்காரர்கள் திரும்பினார்கள். "இன்னாவாம் அங்க?" என்றது ஒரு குரல். அத்தனை கண்ணும் என்மேல். வெட்கம் பொறுக்காமல் என் மெழுகுவத்தியைச் சித்தி பக்கம் சாய்த்தேன். உருகின மெழுகு அவள் கையில் கொட்டியது. என் திரியும் அணைந்துபோனது.

திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"கையக் காட்டுடி."

என்னைத்தான் சொல்கிறாள் என்று கையை நீட்டினேன். அம்மா அதைத் தள்ளிவிட்டு, சித்தியின் கையை இழுத்து, மெழுகை நகத்தால் பெயர்த்தாள்.

"ஒண்ணியும் இல்லக்கா."

"பேசாத. நேரா புடி."

என் தலைக்கு மேலே அம்மாவின் மெழுகுவத்தி சாய்ந்து வந்தது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே சாய்த்தாள். சித்தியின் திரி பற்றிக்கொண்டது. சித்தி தன்னுடையதை எனக்குச் சாய்த்தாள். ஆர்மோனியம் பாடத் தொடங்கியது.

மேலே இருக்கிற ஒளி மேலேயே நிற்காமல் மாட்டுக்கொட்டில் வரைக்கும் குனிந்து இறங்கி வந்தது என்று போதகர் வருஷா வருஷம் சொல்வார். அன்றும் சொல்லியிருப்பார். நான் முடி பொசுங்கிவிட்டதோ என்று தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் அம்மா, "முறுக்கு சுட்டு வெச்சிகீறேன். துன்னுட்டு அப்பால வண்டி ஏறச் சொல்லு" என்று என்னிடம் சொன்னாள். நான் சொல்வதற்குள் சித்தி எங்களோடு நடந்துகொண்டிருந்தாள்.

வீட்டில் சித்தி முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் கொட்டின மெழுகுதான் காரணம் என்று ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து அந்த இடத்தில் தடவினேன். தடவத் தடவ அழுகை கூடியது. உதவிக்கு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் அடுப்பங்கரை வாசலில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எங்கே சுட்டது என்று தெரியாமல், எண்ணெய்க் கையோடு நின்றேன்.